தனக்கென்று கேட்டவர்

டீச்சர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் பாடம் நடத்தியதில்லை. தோளில் துணிப்பை, கையில் ஆண்கள் பிடிக்கும் கறுப்புக் குடை, காலில் குதிகால் தேய்ந்த ரப்பர் செருப்பு. இப்படி ஒரு பெண் தனியாக பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்குள் நடந்து வந்தால், எண்பதுகளில் எங்கள் பக்கத்தில் ஒன்று அவர் நர்ஸம்மா, இல்லையென்றால் டீச்சர். ஊசி போடாததால் டீச்சர் ஆனார்.

தருமபுரியில் ஒரு துணிக்கடையின் மாடியில் குழந்தைகள் நலனுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. இரண்டே அறைகள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத பிள்ளைகள், அடிபடுகிற பிள்ளைகள், அடுப்பெரியாத வீட்டுப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் போவது டீச்சரின் வேலை. எங்களைத் தேடி வந்தது அப்படித்தான். மொரப்பூரிலிருந்து உள்ளே தள்ளிய ஊர் எங்களுடையது. அப்பா கட்டட வேலைக்கென்று பெங்களூர் போனார், மாதம் ஒருமுறை வந்தார், பிறகு பொங்கலுக்கு வந்தார், பிறகு வரவில்லை. அம்மா இருமினாள். இருமி இருமி ஒருநாள் கைக்குட்டையில் சிவப்பாகத் துப்பினாள். தருமபுரி ஆஸ்பத்திரியில் டி.பி. வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். வீட்டில் நானும் தம்பியும். எனக்குப் பத்து வயது, அவனுக்கு நாலு.

வார்டில் அம்மா எங்களை நினைத்து அழுததைக் கேட்டு ஒரு நர்ஸ் டீச்சரிடம் சொல்லியிருக்கிறார்.

வந்தவர் வாசலில் நின்று கூப்பிடவில்லை. நேரே உள்ளே வந்தார், அடுப்பங்கரைக்குப் போனார், சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன். வெறும் சட்டி என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக. பத்து வயதில் எனக்கு அவ்வளவு ரோஷம்.

"நாங்க அப்பவே சாப்ட்டுட்டோம்" என்றேன்.

"அப்படியா? சந்தோஷம்" என்றார். பேச்சு வேறு சீமைப் பேச்சாக இருந்தது. திருநெல்வேலிப் பக்கம் என்று பிறகு தெரிந்தது. "நான் சாப்பிடலையே. எனக்குப் பசிக்கி."

சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு அக்கா இருந்தார். அதுவரை எங்களுக்கு ஒருவேளை களியோ கூழோ கொடுத்து வந்தது அவர்தான். முன்பின் தெரியாத அந்த வாசலில் நின்று டீச்சர் கேட்டார்: "ஏக்கா, பஸ்ஸுல வந்ததுல எனக்கு வயிறு கபகபங்கு. கொஞ்சம் சோறு இருக்குமா?"

அக்கா திகைத்துப்போய் ஒரு தட்டு நிறையக் களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். டீச்சர் அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து நடுவில் வைத்து, "ஒத்தையில சாப்பிட்டா எனக்கு இறங்காது. துணைக்கு உக்காருங்க" என்றார். துணைக்கு உட்கார்ந்தோம். தம்பி துணைக்கு உட்கார்ந்து முக்கால் தட்டைக் காலி செய்தான். டீச்சர் விரல் நுனியில் ஒட்டியதைத் தின்றதோடு சரி.

அதுதான் அவர். அவரைப் பற்றி நான் எத்தனை பக்கம் எழுதினாலும் சுற்றிச் சுற்றி அந்தத் தட்டுக்கே வந்து நிற்பேன். பிள்ளைகளுக்கு வேண்டும் என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. எனக்குப் பசிக்கிறது, எனக்கு ஒரு போர்வை வேண்டும், எனக்குக் கால் வலிக்கிறது, வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். எல்லாம் எனக்கு, எனக்கு, எனக்கு. கேட்கிற அவமானத்தைத் தன் தலையில் இறக்கி வைத்துக்கொண்டார். பிள்ளைகள் பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கலாம், பிச்சைக்காரர்களாக அல்ல, டீச்சருக்குத் துணை வந்தவர்களாக.

சங்கத்துக்குக் கீழே துணிக்கடை வைத்திருந்த பாய் அவரைக் கண்டாலே சிரிக்க ஆரம்பித்துவிடுவார். டீச்சர் என்னை ஒருமுறை அங்கே கூட்டிப்போனார். "பாய், எனக்கு ஒரு பாவாடை சட்டை எடுத்துப் போடுங்க" என்று என் உயரத்துக்குக் கையை வைத்துக் காட்டினார்.

"ஏங்க டீச்சர், இந்த சைஸு உங்களுக்குப் பத்துங்களா?"

"இளைச்சிட்டு வாரேன் பாய். நீங்க எடுங்க."

"போன வாரந்தான் அரை டிராயரு ரெண்டு வாங்கிட்டுப் போனீங்க. அதுவும் உங்களுக்குத்தானுங்களா?"

"அது வீட்டுல போட்டுக்கிட."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பச்சையில் மஞ்சள் பூப்போட்ட பாவாடை. அதை உடுத்தியபோது இரந்து வாங்கியது என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. ஒரு வேடிக்கையில் கிடைத்த பரிசு மாதிரி இருந்தது. ஊரில் சிலர், "அந்த டீச்சருக்குச் சூடு சொரணையே கெடையாது, எந்த வூட்டுலயும் பூந்துடறா" என்பார்கள். உண்மை. கெடையாது. அல்லது இருந்தது, எங்கேயோ கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார்.

சங்கத்தின் செக்ரட்டரி நல்ல மனிதர், ஓய்வு பெற்றவர், மெல்லிய குரல். அவர் எங்களை விடுதியில் சேர்த்துவிடலாம் என்றார். பெண் பிள்ளைகளுக்கு ஒரு ஊரில் விடுதி, பையன்களுக்கு வேறொரு ஊரில். நான் ஒரு திசை, தம்பி ஒரு திசை. அம்மாவின் வைத்தியம் எத்தனை மாதமாகுமென்று டாக்டருக்கே தெரியவில்லை. "பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள முடிவு பண்ணிடுங்கம்மா. பசங்க தனியா கெடக்கறது ஆபத்து" என்று அவர் சொன்னது தப்பே இல்லை. அப்போது சித்திரை. வெயில் ஓட்டின் மேல் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. தம்பி என் தாவணியில்லாத தோளைப் பிடித்துக்கொண்டே தூங்குவான். கையை எடுத்தால் விழித்துக்கொள்வான். அவனை வேறொரு ஊரில் எந்தத் தோளில் தூங்க வைப்பார்கள் என்றுதான் எனக்கு யோசனை.

"ஒங்களுக்குன்னு யாரு இருக்கா?" என்று டீச்சர் கேட்டார்.

"யாரும் இல்லீங்க."

"மாமன் கிடையாதா?"

அவர் என் காதைப் பார்த்தார். பத்து வயதுப் பெண்ணுக்குக் காது குத்தியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு மொட்டைக்காது என்று பேர். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். மாமன் வரட்டும், மாமன் வரட்டும் என்று அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தாள்.

மாமா ஏரியூர்ப் பக்கம். அம்மாவின் ஒரே அண்ணன். கொஞ்சம் நிலம், கிணறு, மாடு கன்று. அம்மாவின் கல்யாணத்தில், மச்சானுக்குத் தரவேண்டிய முதல் தாம்பூலத்தை அப்பா வீட்டார் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். மாமா சாப்பிடாமல் எழுந்து போனார். "உன் வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னதுதான் கடைசிப் பேச்சு. ஒரு வெற்றிலை. அதற்குப் பின்னால் பதினோரு வருஷ மௌனம்.

டீச்சர் மறுநாளே ஏரியூருக்குப் போனார். போனவர் செய்த தப்பு, வெறுங்கையோடு போனது. அவர் ஊர் வழக்கம் எதுவோ, எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது. தாய்மாமனை அழைக்கப் போகிறவர்கள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய் பழம் வைத்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும். இவர் குடையும் பையுமாகப் போய் நின்று, தருமபுரியிலிருந்து வருகிறேன், உங்கள் தங்கை பிள்ளைகள் விஷயமாக வந்தேன் என்றிருக்கிறார். ஏற்கனவே ஒரு வெற்றிலையில் அறுந்த மனிதர்.

"தருமபுரில இருந்து ஆளு உட்டு கூப்புட நானு கைதிங்களா?" என்று கேட்டுவிட்டு மாமா மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாராம்.

திரும்பி வந்து பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னபோது அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஏனுங்க டீச்சர், எழவு சொல்றவங்கதான் வெறுங்கையில போவாங்க! மாமங்காரரு வூட்டுக்கா அப்படிப் போவீங்க?"

"எனக்கு யாரு சொன்னா? சரி, இப்பச் சொல்லு. என்னெல்லாம் வைக்கணும்?"

அந்த வாரமே மறுபடியும் கிளம்பினோம். அக்கா வீட்டுப் பித்தளைத் தாம்பாளம், மேலே ஒரு மஞ்சள் துணி. பென்னாகரம் தாண்டியதும் பஸ் குலுக்கிய குலுக்கலில் தேங்காய் உருண்டு டிரைவர் காலடிக்குப் போய்விட்டது. தம்பி டீச்சர் மடியில் தூங்கிவிட்டான். நான் கேட்டேன், மாமா வரவில்லையென்றால் என்ன செய்வீர்கள் என்று.

அவர் பொம்மிடியில் ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னார். அங்கே ஒரு சின்னப் பெண், முதுகெல்லாம் சூட்டுத் தழும்பு. அந்த வீட்டில் அவர் பசிக்கிறது என்று சொல்லவில்லை, தண்ணீர்கூடக் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்கு நடந்தார். ரயில் வந்தபோது அது பிளாட்பாரத் தூணைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றதாம். சூடு வைத்த வீடுதான் என்றாலும் அதற்குத் தெரிந்த வீடு அது ஒன்றுதானே. "ஒவ்வொரு விரலா எடுத்தேன் பிள்ள. எடுக்கத்தான் வேணும், எடுக்கலைன்னா செத்துரும். ஆனா வேற வழி இருக்கையில நான் யாரு விரலையும் எடுக்க மாட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். பிறகு ஏரியூர் வரும்வரை தம்பியின் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மாமா வீட்டில் அத்தைதான் இருந்தார். எங்களை இதற்கு முன் பார்த்ததில்லை. என் முகத்தைப் பார்த்ததும், "அய்யோ, எங்க நாத்துனா மூஞ்சி அப்படியே" என்று வாயைப் பொத்திக்கொண்டார். மாமா உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. இருக்கிறார் என்பது இருமலில் தெரிந்தது.

டீச்சர் தாம்பாளத்தை வாசலில் வைத்தார். கதவைப் பார்த்து, சத்தமாக, அக்கம்பக்கம் தலைநீட்டும்படி பேசினார். "வர்ற வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்குக் காது குத்து. ஊரு மாரியம்மன் கோயில்ல. மாமன் வந்து மடியில வைக்கணும்."

உள்ளே இருமல் நின்றது.

"வர முடியலைன்னாலும் ஒண்ணும் இல்ல. எனக்கு மடி இருக்கு. நானே வச்சுக்கிடுதேன்."

கதவு திறந்தது. மாமா வந்து நின்றார். அம்மாவின் மூக்கு அவருக்கு. "என்னாங்க சொன்னீங்க?"

"மடியில நானே வச்சுக்கிடுதேன்னு சொன்னேன்."

"நீங்க ஆருங்க அதுக்கு?"

"நான் யாரும் இல்ல. யாருமே வரலைன்னா, யாரும் இல்லாதவதான வரணும்?"

மாமா தாம்பாளத்தை எடுக்கவில்லை. நாங்கள் பஸ்ஸுக்கு நடந்தோம். அத்தை பின்னாலேயே ஓடிவந்து தம்பி கையில் ஒரு வெல்லக்கட்டியைத் திணித்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமைக்காக டீச்சர் ஊரையே கேட்டு முடித்தார். ஆசாரியிடம், "எனக்குக் காதுல பொட்டுத் தங்கம் இல்ல, ரெண்டு சோடி சின்ன வளையம் செய்யணும்" என்றார். டாக்டரிடம், "எனக்கு அரை நாளு அந்தம்மா வேணும், சாயங்காலம் நானே கொண்டாந்து விடுதேன்" என்றார். அம்மா வந்தாள். கோயிலுக்கு எதிரே புங்கமரத்தடியில், எல்லோரையும் விட்டுத் தள்ளி, வாயைச் சேலை முந்தியால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்பதைவிட, சேலை மடித்து வைத்ததுபோல இருந்தாள். எங்களைக் கிட்டே வரவேண்டாம் என்று கைகாட்டினாள். காட்டிய கையையே நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஊர் கூடிவிட்டது. காது குத்தைப் பார்க்க அல்ல, மாமன் மடிக்கு டீச்சர் உட்காரப் போகிறாளாம் என்ற வேடிக்கையைப் பார்க்க. பஸ் வந்து போனது, மாமா இல்லை. "ஆவட்டுங்க, நேரமாவுது" என்றார் ஆசாரி.

டீச்சர் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தம்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கூட்டத்தில் யாரோ, "மீசய மட்டும் ஒட்டிட்டா மாமந்தான்" என்றார்கள். டீச்சரும் சிரித்தார். ஆனால் சிரித்துக்கொண்டே பஸ் வரும் ரோட்டை அவர் எட்டி எட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன். அவ்வளவு பெரிய பேச்சுப் பேசிய மனுஷிக்கு உள்ளே என்ன பயமோ. மாமன் வரவில்லையென்றால் அடுத்தது விடுதி. அதை அங்கே அறிந்தவர்கள் அவரும் நானும் அம்மாவும்தான். ஆசாரி ஊசியை எடுத்தார்.

"எழுந்திருங்க."

மாமா. கடைசி மைல் நடந்தே வந்திருக்கிறார். முழங்கால் வரை செம்மண். பின்னால் அத்தை, தலையில் சீர்த்தட்டு. புதுத்துணி, வாழைப்பழம், வெல்லம், அரிசி.

"எழுந்திருங்க டீச்சர். அது என் எடம்."

எல்லோரும் டீச்சர் எழுந்துவிடுவார் என்று நினைத்தோம். அவர் எழவில்லை. தம்பியை இன்னும் இழுத்து அணைத்துக்கொண்டார்.

"தாரேன். நீங்க மாமன் இன்னைக்கு ஒருநாளைக்கா, இல்ல இவங்க அம்மா எழுந்து வார வரைக்குமா? அதச் சொல்லுங்க, எழுந்திருக்கேன்."

"என்னாங்க இது, கோயில்ல வச்சுப் பேரம் பேசறீங்க?"

"ஆமா. எனக்கு வேற இடம் கிடைக்கல."

மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது. திரும்பிப் போய்விடுவார் என்றே நினைத்தேன். திரும்பத்தான் செய்தார். திரும்பியபோது புங்கமரத்தடி கண்ணில் பட்டது. அதுவரை அங்கே இருப்பது யாரென்று அவருக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். மெல்ல நாலடி நடந்து நின்றார்.

"ஏம் புள்ள," என்றார். "இப்படி ஆயிட்டியா? எனக்கொரு சொல்லு அனுப்பக் கூடாதா?"

அம்மா முந்தியை எடுக்காமலே சொன்னாள். "அனுப்புனா வந்திருப்பியாண்ணா?"

மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார், காலைத் துடைத்தார், பலகைக்கு வந்தார். டீச்சரைப் பார்க்காமல் ஆசாரியைப் பார்த்துச் சொன்னார். "ரெண்டு பசங்களும் எங்கூட்டுல இருக்குங்க. ஏரியூர்லயே பள்ளிக்கூடம் இருக்குது. அவ நல்லாயி வந்தா அவளும் அங்கதான். இப்ப எடத்த உடச் சொல்லுங்க அந்தம்மாவ."

டீச்சர் எழ முயன்றார். முடியவில்லை. கால் மரத்துப்போயிருந்தது. "எனக்கு ஒரு கை குடுங்க" என்று நீட்டினார். மாமாதான் பிடித்துத் தூக்கிவிட்டார்.

தம்பிக்குக் குத்தியபோது அவன் போட்ட சத்தத்தில் கோயில் புறாக்கள் பறந்தன. அடுத்து நான். "வா, மொட்டைக்காதுக் கழுதை" என்றார் மாமா. பத்து வயது உடம்பு மடியில் அடங்காமல் காலிரண்டும் தரையில் கிடந்தன. அவர் உள்ளங்கையால் என் கண்ணைப் பொத்தினார். மண்ணும் மாட்டுச் சாணமும் வியர்வையுமாக ஒரு வாசனை. ஊசி எப்போது இறங்கியது என்று தெரியவில்லை.

அதோடு டீச்சர் எங்களை விட்டுவிடவில்லை. மாதம் தவறாமல் ஏரியூருக்கு வந்தார். வந்ததும், "எனக்குப் பசிக்கி" என்பார். அத்தை சோறு போடுவார். டீச்சர் சாப்பிட்டுக்கொண்டே எங்கள் தட்டில் விழுவதைப் பார்ப்பார். தம்பியின் முதுகைத் தடவுவதுபோலச் சட்டையைத் தூக்கிப் பார்ப்பார். என்னைக் கிணற்றடிக்குத் தனியே கூட்டிப்போய், "யாரும் கை நீட்டுதாங்களா? பொய் சொல்லாத" என்பார். மாமாவுக்கு இது தெரியும். கோபம் வரும். "வேவு பாக்க வந்துட்டாங்க" என்று முனகுவார். ஆனால் அவர் வரும் வாரம் அத்தையிடம், "கத்திரிக்கா பறிச்சு வை, டீச்சருக்குப் புடிக்கும்" என்பார்.

வெறும் கண்காணிப்பு இல்லை. மாமா வீட்டில் ஏற்கனவே மூன்று பிள்ளைகள். இரண்டு வாய் கூடியதன் பாரம் அவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? டீச்சர் தனக்கென்று அரிசி வாங்கி வருவார், தனக்கென்று பால் பவுடர், தனக்கென்று பாடப் புத்தகங்கள். எல்லாவற்றையும் அங்கேயே மறந்து வைத்துவிட்டுப் போவார். மறதிக்காரி என்று அத்தை சிரிப்பார். அத்தையின் பிள்ளைகளுக்கும் சேர்த்தே மறந்தார்.

அடுத்த வருஷம் அம்மா வந்தாள். கன்னத்தில் சதை பிடித்து, மாத்திரைப் பையோடு, தன் காலால் நடந்து வந்தாள். மாமா கிணற்றுக்கு மேற்கே அவளுக்கு ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒருநாள் டீச்சர் வந்தார். வழக்கம்போல் சாப்பிட்டார். வழக்கம்போல் தம்பியின் சட்டையைத் தூக்கினார்.

மாமா தொண்டையைச் செருமினார். "டீச்சர். தப்பா நெனைக்காதீங்க. இனிமே நீங்க இதுக்குன்னு வரத் தேவையில்லீங்க. நாங்க பாத்துக்கறோம்."

அத்தை பதறினார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் கையிலிருந்த மோர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"நெசமாத்தான் சொல்லுதீகளா?"

"நெசமாத்தாங்க."

அவர் முகம் மெதுவாகத் திறந்தது. வாழ்நாளில் அவரிடம் இதைவிட நல்ல சேதியை யாரும் சொன்னதில்லை என்பதுபோலச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தியில் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார். பிறகு பையைத் தோளில் மாட்டி, குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்ப எனக்கு ஒரு வழி மட்டும் சொல்லுங்க. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்காமே. அங்க ஒரு பிள்ள பள்ளிக்கூடத்துக்கே வாரதில்லையாம். எப்படிப் போகணும்?"

மாமாவுக்கு அந்த வீடு தெரியும். ஊருக்கே தெரியும். யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அவர் கொடியில் கிடந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார்.

"தனியாப் போவாதீங்க. அந்த வூட்டுக்காரன் நாய அவுத்து உடுவான். இருங்க, நானும் வரேன்."

இரண்டு பேரும் வரப்பில் இறங்கி நடந்தார்கள். டீச்சர் எதற்கோ கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு போனார். ஓடைக்கரை ஏறும்போது மாமா அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டது எங்களுக்குத் தெரிந்தது. வெறுங்கையோடு போகக் கூடாதென்று, உள்ளே திரும்பி ஓடிய அத்தை ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் கூவிக்கொண்டே போனார்.